பூசணியை வெறும் பாத்திரமாக்காதீர்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்டோபர் பிறந்துவிட்டால் பூசணிக்காய் இல்லாத வாசலைப் பார்ப்பது அரிது. மளிகைக் கடைகளின் முன்னால் பெரிய பெட்டிகளில் குவிந்து கிடக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பண்ணைக்கு அழைத்துப் போவார்கள். மாதக் கடைசியில் வரும் ஹாலோவீனுக்காகக் கண்ணும் வாயும் செதுக்கி உள்ளே விளக்கு வைப்பார்கள். இந்தச் சந்தடியோடு அறிவியலும் சேர்ந்துகொள்கிறது. சின்ன வகுப்புகளில் பூசணியை வைத்துச் சோதனைகள் செய்வது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அவற்றில் தவறாமல் இடம்பெறுவது பூசணி எரிமலை. மேலே மூடிபோல வெட்டி, குடலை வழித்தெடுத்து, உள்ளே சமையல் சோடாவைப் போட்டு வினிகரை ஊற்றினால் செதுக்கிய வாய் வழியாக நுரை பொங்கி வழியும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்த மகிழ்ச்சி எனக்கும் பிடித்ததுதான். ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அதே சோடாவையும் வினிகரையும் ஓர் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் என்ன ஆகும்? அதே நுரைதான் வரும். அப்படியானால் அந்தச் சோதனையில் பூசணிக்கு வேலையே இல்லை. உயிருள்ள ஒரு காயை, தனக்குள் நூற்றுக்கணக்கான விதைகளையும் ஓயாமல் இயங்கும் நொதிகளையும் வைத்திருக்கும் ஒன்றை, குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு அதை வெறும் பாத்திரமாகப் பயன்படுத்துகிறோம். கையில் இருக்கும் காயையே சோதனைப் பொருளாக்கினால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அறிவியலும் கூடும், வேடிக்கையும் கூடும் என்பதே என் கட்சி.

எரிமலையைக் கைவிடச் சொல்லவில்லை. அதையும் சோதனையாக்க முடியும், அதற்கு அளவு வேண்டும். கடையில் விற்கும் 5 சதவீத வினிகர் 100 மில்லியில் ஏறத்தாழ 5 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அதை முழுவதும் தீர்த்துவிட ஏறத்தாழ 7 கிராம் சமையல் சோடா போதும், அதாவது ஒன்றரை தேக்கரண்டி. அதிலிருந்து சாதாரண அறை வெப்பத்தில் சுமார் 2 லிட்டர் கரியமில வாயு வரும். ஒரே மாதிரியான ஐந்து பாட்டில்களில் 100 மில்லி வினிகரை ஊற்றி வையுங்கள். ஐந்து பலூன்களில் அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று தேக்கரண்டி சோடாவை நிரப்பி, பாட்டில் வாயில் மாட்டிக் கவிழ்த்துவிடச் சொல்லுங்கள். பலூனின் சுற்றளவை நூலால் அளந்தால் முதல் மூன்று பலூன்களும் வரிசையாகப் பெருத்துக்கொண்டே போவதும், அதற்குப் பிறகு எவ்வளவு சோடா போட்டாலும் பெருக்காததும் தெரியும். "சோடாவைக் கூட்டினோமே, ஏன் வாயு கூடவில்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், மேல்வகுப்பு வேதியியல் பாடத்தின் வாசலுக்கே அது வந்துவிட்டது என்று பொருள். வினிகர் தீர்ந்துபோயிற்று, மிச்ச சோடாவுக்கு ஜோடி இல்லை. இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தாலும் இதிலும் பூசணி இல்லை.

பூசணி தானே வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் மருந்துக் கடைக்குப் போங்கள். காயம் கழுவ விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பாட்டில் போதும். அதைவிடச் செறிவு கூடியது தோலைச் சுடும், அதைக் குழந்தைகள் இருக்கும் இடத்துக்கே கொண்டுவரக் கூடாது. இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் அதைச் சிறிது ஊற்றி, ஒன்றில் பச்சைப் பூசணித் துண்டையும் மற்றதில் நன்றாக வேகவைத்து ஆறவைத்த துண்டையும் போடுங்கள். பச்சைத் துண்டின்மேல் சில நொடிகளில் குமிழ்கள் கிளம்பும். வெந்த துண்டு சும்மா கிடக்கும். பச்சைக் காயின் செல்களில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. வேகவைக்கும்போது அந்த நொதியின் வடிவம் குலைந்துவிடுகிறது. இங்கே பூசணியை எடுத்துவிட்டால் சோதனையே இல்லை. இது தொடக்கம்தான். துருவிப் போட்டால் நுரை கூடுமா? ஃப்ரீசரில் உறையவைத்து எடுத்த துண்டு வெந்த துண்டைப் போலச் செத்துக் கிடக்குமா, பச்சைத் துண்டைப் போலப் பொங்குமா? விதையைப் போட்டால்? தோலைப் போட்டால்? நாரைப் போட்டால்? ஒவ்வொன்றுக்கும் முதலில் ஊகத்தைத் தாளில் எழுதிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். சூடும் குளிரும் நொதியை ஒரே மாதிரி பாதிக்குமா என்ற கேள்விக்குத் தன் கையாலேயே விடை கண்ட பிள்ளைக்கு, ஃப்ரிட்ஜ் எதற்கு, அடுப்பு எதற்கு என்பது புதிதாகப் புரியும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். சோதனைக்கு எடுத்த துண்டுகள் வாய்க்குப் போகக் கூடாது.

அடுத்தது மிதப்பது. பெரிய பூசணியைத் தூக்க முடியாமல் தூக்கிப் பார்த்த குழந்தையிடம் "இதைத் தண்ணீரில் போட்டால்?" என்று கேட்டால், முழுகிவிடும் என்று சொல்லும் பிள்ளைகளே அதிகம். கனமானது முழுகும் என்பது நம் எல்லோருக்குள்ளும் இருக்கும் முதல் ஊகம். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வின்ட்ஸர் என்ற ஊர், ஆளுயரப் பூசணிகளின் வித்தாகிய 'அட்லான்டிக் ஜயன்ட்' ரகத்தை உருவாக்கிய ஹோவர்ட் டில் என்ற விவசாயியின் ஊர். அங்கே 1999இல் ராட்சதப் பூசணிகளைக் குடைந்து, உள்ளே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போட்டுப் போட்டியிடத் தொடங்கினார்கள். 2023இல் கலிஃபோர்னியாவின் ஹாஃப் மூன் பே போட்டியில் வென்ற பூசணியின் எடை 1,247 கிலோ, ஒரு சிறிய காரின் எடை. அத்தகைய பூசணியும் தண்ணீரில் மிதக்கும் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். நம்ப வேண்டாம், அளக்கட்டும். விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய வாளியை ஒரு பெரிய தொட்டிக்குள் வைத்து, பூசணியை மெல்ல விடுங்கள். வழிந்த தண்ணீரை அளந்தால் அதன் எடையும் பூசணியின் எடையும் ஒன்றாக இருக்கும். பிறகு குச்சியால் அழுத்தி முழுக்க அமிழ்த்துங்கள். இப்போது மேலும் வழியும் தண்ணீரையும் சேர்த்தால் பூசணியின் மொத்தக் கொள்ளளவு தெரியும். 6 கிலோ பூசணி மொத்தம் 8 லிட்டர் இடத்தை அடைத்தால், மிதக்கும்போது அதில் கால்பங்கு தண்ணீருக்கு மேலே நின்றிருக்கும்.

இங்கேதான் நல்ல திருப்பம் இருக்கிறது. உள்ளே காற்று இருப்பதால் மிதக்கிறது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். காற்று எவ்வளவு, அது மட்டும்தான் காரணமா என்று யாரும் கேட்பதில்லை. மூடியை வெட்டி, குடலை எடுத்துவிட்டு, குழியை அளவுக் குடுவையால் தண்ணீர் ஊற்றி நிரப்பினால் உள்வெளியின் அளவு கிடைத்துவிடும். சதையில் ஒரு துண்டு, தோலில் ஒரு துண்டு, ஒரு விதை என்று தனித்தனியாகத் தண்ணீரில் போட்டால், மிதப்பதற்குச் சதையின் பங்கு எவ்வளவு என்பதும் தெரியும். கடையில் கிடைக்கும் பட்டர்நட் பூசணியும் வாங்கி வாருங்கள். அதன் குழி முழுவதும் உருண்டையான அடிப்பக்கத்தில் இருக்கிறது, கழுத்துப் பகுதி கட்டியான சதை. தண்ணீரில் விட்டால் எந்த முனை கீழே போகும்? விடையை நான் இங்கே எழுதப் போவதில்லை. பிள்ளைக்கு முன்னால் நீங்களும் ஊகித்துப் பாருங்கள்.

விதை எண்ணுவது இந்தச் சோதனைகளில் மிகச் சாதாரணமாகத் தோன்றுவது, எனக்கு மிக ஆழமாகப் படுவதும் அதுதான். மார்கரெட் மெக்நமாரா 2007இல் எழுதிய சிறுவர் படக்கதை ஒன்றில் ஒரு வகுப்பே சேர்ந்து பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று பூசணிகளின் விதைகளை எண்ணுகிறது. சிறியதில்தான் அதிக விதை இருக்கிறது. அமெரிக்க ஆசிரியர்கள் பலர் அந்தக் கதையிலிருந்துதான் இந்தச் சோதனையைத் தொடங்குகிறார்கள். பத்துப் பத்தாகக் கூட்டி வைத்து எண்ணுவது கணக்குக்கு நல்ல பயிற்சி. ஆனால் பெரும்பாலும் எண்ணி முடித்ததும் பாடமும் முடிந்துவிடுகிறது. பெரிய காயில் ஏன் குறைவாக இருந்தது என்று கேட்டால்தான் உயிரியல் தொடங்கும். பூசணிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் சூலகத்தில் இருக்கும் ஒவ்வொரு சூலும் விதையாக ஒரு மகரந்தத் துகள் வந்து சேர வேண்டும். அந்த மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவர வேண்டும். பூ விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்கிறது. வட அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே ஒரு தனித் தேனீ உண்டு. அது பூசணிக் குடும்பத்துப் பூக்களை மட்டுமே நம்பி வாழ்கிறது, மண்ணில் கூடு வைக்கிறது, ஆண் தேனீக்கள் மூடிய பூக்களுக்குள்ளேயே உறங்குகின்றன. மனிதர்கள் மெக்சிகோ பக்கமிருந்து வடக்கே பூசணியைக் கொண்டுபோய்ப் பயிரிட்டபோது அதுவும் பின்தொடர்ந்து பரவியிருக்கிறது என்று 2016இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆக, ஒரு காயில் எத்தனை நல்ல விதை என்ற எண்ணிக்கையில், ஒரு ஜூலை மாதக் காலைப்பொழுதில் அந்தப் பூவுக்கு எத்தனை தேனீ வந்தது என்பதற்கான தடயமும் அடங்கியிருக்கிறது. பருத்த விதைகளையும் தட்டையாக ஒட்டிக் கிடக்கும் பொக்கு விதைகளையும் தனித்தனியாக எண்ணச் சொல்லுங்கள். ஒரு காயை வைத்து முடிவு கட்டாமல், வகுப்பில் எல்லோர் வீட்டு எண்களையும் ஒரே தாளில் சேர்த்துப் பார்க்கட்டும்.

இவ்வளவும் சொன்னால் முதலில் வரும் மறுப்பு இது: "குழந்தைக்கு ஐந்து வயது. அதற்கு வேண்டியது வியப்பு. அளவுக் குடுவையும் அட்டவணையும் அதன் ஆர்வத்தைக் கொன்றுவிடும்." இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். வியப்பு முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் வியப்பு எதிலிருந்து பிறக்கிறது என்பதைப் பற்றி ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். லாரா ஷுல்ஸ், எலிசபெத் போனவிட்ஸ் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் மழலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு நெம்புகோல்கள் உள்ள ஒரு பெட்டியைக் காட்டினார்கள். நெம்புகோல்களை அழுத்தினால் பொம்மைகள் எழும். எந்த நெம்புகோல் எந்தப் பொம்மையை எழுப்புகிறது என்று தெளிவாகக் காட்டப்பட்ட பிள்ளைகள், புதுப் பெட்டி ஒன்று வந்ததும் அதனிடம் போய்விட்டார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக் காட்டி, எது எதை எழுப்பியது என்று தெரியாமல் விடப்பட்ட பிள்ளைகள் பழைய பெட்டியையே விடாமல் நோண்டினார்கள். விடை தெரியாத புதிர் புதுப் பொம்மையைவிட வலுவாகப் பிடித்து இழுத்திருக்கிறது. 2011இல் போனவிட்ஸும் சக ஆய்வாளர்களும் வேறொரு பொம்மையை வைத்துப் பார்த்தபோது, ஒரு வேலையை மட்டும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் அதில் ஒளிந்திருந்த மற்ற வேலைகளைக் குறைவாகவே கண்டுபிடித்தார்கள், விளையாடிய நேரமும் குறைந்தது. எரிமலை பொங்கும் என்று முன்பே சொல்லிப் பொங்கவைப்பதும் அதுபோலத்தான். காட்சி முடிந்ததும் கேள்வியும் முடிந்துவிடுகிறது. பட்டர்நட்டின் எந்த முனை கீழே போகும் என்பது கடைசி நொடிவரை யாருக்கும் தெரியாத புதிர், அதனால்தான் ஐந்து வயதுக் குழந்தையும் வாளியைவிட்டு நகராது.

இதற்கு எதிர்த்திசையிலிருந்து இன்னொரு மறுப்பும் வரலாம். அப்படியானால் எதையும் சொல்லித்தராமல் பிள்ளைகளை விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. ஸே சென், டேவிட் க்ளார் இருவரும் 1999இல் 2, 3, 4ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இங்கே முக்கியம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுகொள்வது அரிதாக இருந்தது. எடுத்துக்காட்டோடு நேரடியாகச் சொல்லிக்கொடுத்தபோது கற்றுக்கொண்டார்கள், பெரிய பிள்ளைகள் அதைப் புதிய சோதனைகளுக்கும் கொண்டுபோனார்கள். இந்த ஆய்வுகள் ஒன்றையொன்று வெட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. எப்படிக் கேட்பது என்ற முறையை ஒளிவுமறைவின்றிக் கற்றுக்கொடுங்கள், விடையை மட்டும் பொத்தி வையுங்கள். "இந்தத் துண்டு பெரிசு, அது சின்னது. இரண்டையும் ஒப்பிடலாமா?" என்று கேட்பது முறையைக் கற்றுக்கொடுப்பது. "வெந்த துண்டு பொங்காது" என்று சொல்வது விடையைப் பறித்துக்கொள்வது.

அழுகும் பூசணியில் இந்த இரண்டும் ஒன்றாகச் சந்திக்கின்றன. செதுக்கிய பூசணி சில நாட்களில் உள்ளே கறுத்து, பூஞ்சை பூத்து, முகம் சரிந்து விழும். அதை எதனால் தடுக்கலாம் என்பது அமெரிக்க வீடுகளில் ஆண்டுதோறும் எழும் கேள்வி. வாசலின் தடவு என்பார் ஒருவர், வினிகரில் கழுவு என்பார் இன்னொருவர், ப்ளீச் கலந்த நீரில் முக்கு என்பார் மூன்றாமவர். இங்கே ஓர் எச்சரிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும்: ப்ளீச்சும் வினிகரும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைத் தாக்கும் நஞ்சு. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துக் குழந்தைகளோடு சோதனை செய்யாதீர்கள். ப்ளீச் இல்லாமலேயே இந்தச் சோதனை முழுமையானது. ஒரே காயிலிருந்து ஒரே அளவுள்ள துண்டுகளை வெட்டி, ஒன்றுக்கு எதுவும் செய்யாமல், ஒன்றில் உப்பு, ஒன்றில் வாசலின், ஒன்றில் வினிகர் தடவி, தனித்தனிக் கண்ணாடிச் சீசாக்களில் இறுக்கி மூடுங்கள். எதுவும் தடவாத இன்னொரு துண்டை அதேபோலச் சீசாவில் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். எதுவும் செய்யாத அந்த முதல் துண்டுதான் இதில் மிக முக்கியமானது. அது இல்லையென்றால் வினிகர் காப்பாற்றியதா, காய் தானாகவே நின்றதா என்று சொல்ல வழியில்லை. ஏன் அதைச் சும்மா வைக்க வேண்டும் என்று பிள்ளையே விளக்கட்டும், அப்போதுதான் புரிந்ததா என்று தெரியும். சீசாக்களைத் திறக்கவே கூடாது. பூஞ்சை வித்துகள் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு ஆகாது. முடிந்ததும் அப்படியே மூடியபடி எறிந்துவிடுங்கள்.

ஒரு வீட்டில் வாசலின் காப்பாற்றும், அடுத்த வீட்டில் அதே வாசலினுக்கு அடியிலேயே பூஞ்சை வளரும். இந்த முரண்பாட்டைக் கண்டு ஆசிரியர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. காய் வேறு, கத்தியின் சுத்தம் வேறு, அறையின் வெப்பம் வேறு. டெக்சஸின் அக்டோபரும் மினசோட்டாவின் அக்டோபரும் ஒன்றல்ல. டெக்சஸ் வாசலில் வெயில் பூஞ்சைக்குச் சாதகம். மினசோட்டா வாசலில் இரவு உறைபனி விழுந்தால் செல்களுக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகிச் செல்சுவரைக் கிழித்துவிடும், உருகும்போது காய் கூழாகிவிடும். ஒரே சோதனையைப் பல வீடுகளில் செய்து பார்த்தால் கிடைக்கும் இந்த வேறுபாடுகளே அடுத்த சோதனைக்கான கேள்விகள். நம் வெண்பூசணியையும் இதில் சேர்க்கலாம், வட அமெரிக்காவின் இந்திய மளிகைக் கடைகளில் அது கிடைக்கிறது. வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிட்ட வெண்பூசணி வெயிலிலும் தூசியிலும் பல நாள் தாக்குப்பிடிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முற்றிய காயின் தோல்மேல் சாம்பல் பூத்ததுபோல இருப்பது மெழுகுப் படலம். ஒரு காயில் அதை நன்றாகத் துடைத்துவிட்டு, இன்னொன்றில் அப்படியே விட்டு, வாரந்தோறும் தராசில் வைத்துப் பாருங்கள். வாசலின் தடவுகிறவர்கள் செய்ய முயல்வதைக் காய் தானே செய்துகொண்டிருக்கிறதா என்று எண்கள் சொல்லும்.

செதுக்கிய பூசணி துவண்டு போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த சோதனை என்று நினைக்கிறேன். பூசணிச் சதையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், செல்கள் தளரும், சிரித்த வாய் சுருங்கும். இது தாகம். மறுபக்கம், பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரைத்து உண்கின்றன. இது அழுகல். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். துவண்ட பூசணியைக் குளிர்ந்த நீரில் ஓர் இரவு மூழ்கவையுங்கள். தாகம் மட்டுமே என்றால் செல்கள் நீரை உறிஞ்சிக் காலையில் மீண்டும் விறைத்து நிற்கும். கட்டமைப்பே கரைந்துவிட்டிருந்தால் எத்தனை நேரம் ஊறினாலும் எழாது. மருத்துவர் நோயைக் கண்டுபிடிப்பதைப் போன்ற வேலை இது, அதை எட்டு வயதுப் பிள்ளை வாளித் தண்ணீரை வைத்துச் செய்துவிடுகிறது. இதற்கு முன்னோட்டமாக இரண்டு மெல்லிய சீவல்களை எடுத்து, ஒன்றை வெறும் நீரிலும் ஒன்றை உப்பு நீரிலும் சில மணி நேரம் போட்டு வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வடகத்துக்கு வெண்பூசணியைத் துருவி உப்புப் போட்டுப் பிழிகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு, உப்பு நீரை வெளியே இழுப்பது உடனே பிடிபடும்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துருவிய பூசணியை ஒரு கிண்ணம் நீரிலும் ஒரு கிண்ணம் சமையல் எண்ணெயிலும் போட்டுச் சற்றே சூடாக்கி ஆறவைத்தால், எண்ணெய் பொன்னிறமாகும். பூசணியின் நிறம் எண்ணெயில் கரையும் கரோட்டினாய்டு வகையைச் சேர்ந்தது. இலையுதிர்காலத்தில் மஞ்சளாகும் மர இலைகளிலும் அதே வகை நிறமிகள்தாம் இருக்கின்றன. பச்சையம் சிதைந்து விலகியதும் அவை வெளியே தெரிகின்றன. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தையும் மேஜைமேல் இருக்கும் காயையும் ஒரே கேள்வியில் இணைக்க இதைவிட எளிய வழி இல்லை.

எனக்கு மிகவும் கனமாகப் படும் மறுப்பு உணவைப் பற்றியது. உண்ணும் பொருளை விளையாட்டாக்கி எறிவது தவறு என்று சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பூசணி சாதாரணப் பயிர் அல்ல. மெக்சிகோவின் ஓஹாக்கா பகுதியில் கிலா நகிட்ஸ் குகையில் கிடைத்த விதைகளை ஆராய்ந்து, மனிதர்கள் அதைப் பயிரிட்டு ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகின்றன என்று ப்ரூஸ் ஸ்மித் 1997இல் நிறுவினார். அமெரிக்கக் கண்டத்தில் மக்காச்சோளத்துக்கும் மூத்த பயிர் அது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் அமெரிக்காவுக்குக் குடியேறியபோது, அங்கே கைக்கு எட்டிய பெரிய, குழிவான காயாக இருந்ததால் பூசணி ஹாலோவீனுக்கு வந்தது. இன்று செதுக்குவதற்கென்றே வளர்க்கும் ரகங்களின் சதை நீர்த்து, நார்பட்டு இருக்கும். இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் ஊரில் டப்பாவில் அடைக்கப் பயன்படும் ரகம் வேறு. சமையலுக்கு ஏற்ற காயைச் சோதனைக்காக வெட்ட வேண்டாம் என்பதே என் பதில். நான் சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செதுக்கும்போது விழும் துண்டுகளும் வழித்தெடுத்த குடலுமே போதும். மிதக்கவிட்ட காயைத் துடைத்துச் சமைக்கலாம். அழுகல் சோதனைக்கு நவம்பர் முதல் வாரத்தில் தெருவோரத்தில் கிடத்தப்படும் காய்களே ஏராளம். அவை குப்பைக் கிடங்கில் காற்றில்லாமல் மட்கினால் மீத்தேன் வெளிவரும். அவற்றை வகுப்புத் தோட்டத்து உரக்குழிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஆசிரியர் உணவை வீணாக்கவில்லை, வீணாவதைத் தடுக்கிறார். எரிமலைக்காக ஒரு முழுக் காயை வாங்கி, சோடாவில் ஊறவைத்து எறிவதுதான் இந்த மறுப்புக்கு உண்மையில் உள்ளாக வேண்டியது.

நேரம் இல்லை என்ற ஆசிரியர்களின் குறையும் நியாயமானதே. இருபத்தைந்து பிள்ளைகள், நாற்பது நிமிட வகுப்பு. பெராக்சைடு சோதனைக்கு அந்த நாற்பது நிமிடமே அதிகம். அழுகல் சோதனைக்குத் தொடக்கத்தில் ஒரு வகுப்பு, பிறகு நாளுக்கு இரண்டு நிமிடம் சீசாவைப் பார்த்து வரைந்து வைத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே அக்டோபரில் முடிக்கவும் வேண்டாம். ஒன்றை எடுத்து, அதிலிருந்து எழும் இரண்டாவது கேள்விவரை போவது, பத்தைத் தொட்டுவிட்டு ஓடுவதைவிடப் பயன் தரும்.

எண்ணி முடித்த விதைகளில் பருத்த பத்து இருபதைக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, காகித உறையில் தேதியிட்டு வையுங்கள். உறைபனிக் காலம் முழுக்க நீங்கி மண் சூடேறியபின், பெரும்பாலான வட மாநிலங்களில் மே கடைசியில், ஊன்றலாம். குளிர்ந்த மண்ணில் விதை முளைக்காமல் அழுகிப்போகும். கோடையில் கொடி பூத்ததும், விடிந்தவுடன் பூக்களில் தேனீ வருகிறதா என்று பிள்ளைகள் எண்ணட்டும். சில பெண் பூக்களை விரியும் முன்பே மெல்லிய துணியால் கட்டித் தேனீக்கு மறைத்துவிட்டு, சிலவற்றுக்கு ஆண் பூவை வைத்துக் கையால் மகரந்தம் தடவிவிட்டால், காய்க்குள் விதை ஏன் கூடிக் குறைந்தது என்ற பழைய கேள்வியை இப்போது அவர்களே சோதித்துவிடலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். செதுக்கும் பூசணியும் சுக்கினியும் அலங்காரச் சுரைக்காய்களில் பலவும் ஒரே இனம், தேனீ அவற்றின் மகரந்தத்தை ஒன்றுக்கொன்று கலந்துவிடும். சேமித்த விதையில் காய்ப்பது தாய்க்காயைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது, சில சமயம் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சும் அதில் வந்துவிடும். அப்படிக் காய்த்ததை எடை போடலாம், மிதக்கவிடலாம், விதை எண்ணலாம். சமைப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயை உரக்குழியில் போட்டுவிட வேண்டும்.